பசையில்லாப் பிணைப்பு: பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர்

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியில் கட்டைவிரல் பதியும் இடத்தில் மெத்தென்று ஒரு பட்டை இருக்கும். கைப்பிடியின் கெட்டியான உடல் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். பட்டையோ ரப்பரைப் போல அமுங்கி மீளும் வேறொரு பொருள். இரண்டுக்கும் நடுவே பசை எதுவும் தடவப்படவில்லை. தினமும் தண்ணீரிலும் பற்பசை நுரையிலும் நனைந்தும், விரல்களால் அழுத்தி முறுக்கப்பட்டும் அந்தப் பட்டை மாதக்கணக்கில் உரியாமல் இருக்கிறது. சுவரில் துளை போடும் டிரில்லிங் மெஷினின் கைப்பிடியும், கார் வயரிங் இணைப்பிகளுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் சிலிக்கோன் வளையமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு பொருளை வார்த்து, அதன் மேலேயே இன்னொன்றை வார்க்கும் பல்பொருள் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் முறையில் இவை செய்யப்படுகின்றன.

இந்தப் பிணைப்பு உருவாவதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. இரண்டாவது பொருள் உருகிய நிலையில் வந்து முதலாவதன் மேல் படர்வதற்கும், இரண்டும் சேர்ந்து ஆறிப்போவதற்கும் இடையில் இருப்பவை சில நொடிகளே. அந்த நொடிகளில் இரண்டும் தொடும் பரப்பில், அதாவது இடைமுகத்தில், எவ்வளவு வெப்பம் தங்கியது, மூலக்கூறுகள் எவ்வளவு தூரம் அசைந்தன என்பதைப் பொறுத்தே பிணைப்பின் தலையெழுத்து அமைகிறது.

இயந்திரத்துக்குள்

பிளாஸ்டிக் மணிகளைச் சூடான உருளைக்குள் ஒரு திருகுதண்டு தள்ளி உருக்கி, மூடிய எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவது சாதாரண இன்ஜெக்‌ஷன் மோல்டிங். இருபொருள் இயந்திரத்தில் இத்தகைய உருளைகள் இரண்டு இருக்கும். முதல் உருளை கெட்டியான பிளாஸ்டிக்கைச் செலுத்தும். அது உறைந்ததும் அச்சு திறக்கும். வார்ப்பை ஏந்திய பாதி 180 பாகை சுழன்று இரண்டாவது உருளையின் முன் நின்று மறுபடி மூடிக்கொள்ளும். அங்கே எதிர்ப்பாதியின் குழிவு சற்றுப் பெரிதாக வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கூடுதல் இடத்தை மிருதுவான பொருள் வந்து நிரப்பும். சுழலாத அச்சுகளும் உண்டு. அவற்றில் உள்ளே இருக்கும் ஓர் எஃகுத் துண்டு பின்னுக்கு நகர்ந்து இரண்டாவது பொருளுக்கு இடம் விடும்.

உற்பத்தி எண்ணிக்கை குறைவாக இருந்தால் இவ்வளவு விலையுயர்ந்த அச்சு கட்டுப்படியாகாது. அப்போது கெட்டிப் பாகத்தை ஓர் இயந்திரத்தில் தனியாக வார்த்து வைத்துக்கொண்டு, பிறகு அதை இன்னோர் அச்சில் பொருத்தி மேலே ரப்பரை வார்ப்பார்கள். செலவு குறையும், ஆனால் இடைப்பட்ட நேரத்தில் பாகம் ஆறிவிடும், தூசி படியும், தொட்டவர் கைகளின் எண்ணெய்ப்பசை ஒட்டும், நைலானாக இருந்தால் காற்றின் ஈரத்தையும் குடிக்கும்.

மிருதுவான பொருளும் ஒரே வகை இல்லை. ஒன்று, சூடாக்கினால் உருகி, ஆறினால் ரப்பரைப் போல நடந்துகொள்ளும் தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர். ஷெல் நிறுவனம் 1965-இல் கிராட்டன் என்ற பெயரில் இவ்வகையை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. மான்சாண்டோ 1981-இல் சாண்டோபிரீனை அறிமுகப்படுத்தியது. இரண்டாவது வகை, கந்தகமோ பெராக்சைடோ சேர்த்து அச்சுக்குள்ளேயே வல்கனைஸ் செய்யப்படும் அசல் ரப்பர். மூன்றாவது, திரவ சிலிக்கோன் ரப்பர். முதல் வகை உருகி உறைகிறது. மற்ற இரண்டும் வேதிவினையால் கெட்டிப்படுகின்றன. ஒட்டும் விதமும் இதையொட்டியே வேறுபடுகிறது.

தொடுதல்

ஒட்டுவதற்கு முதல் நிபந்தனை தொடுவது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. உருகிய பொருள் அவற்றுக்குள் இறங்கிப் படர்ந்தால்தான் மூலக்கூறுகள் அருகருகே வரும். ஒரு திரவம் திடப்பரப்பில் படருமா, உருண்டு நிற்குமா என்பதை மேற்பரப்பு ஆற்றல்கள் தீர்மானிக்கின்றன என்று ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் 1805-இல் விளக்கினார். பாலிபுரொப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிநியூட்டன். பாலிகார்பனேட்டுக்கும் நைலானுக்கும் 40-ஐத் தாண்டும். சிலிக்கோனுக்கு 20-ஐ ஒட்டி. குறைந்த ஆற்றல் உள்ள பொருள் அதிக ஆற்றல் உள்ள பரப்பில் எளிதாகப் படரும். பாலிபுரொப்பிலீனின் மேல் பெயின்ட்டோ பசையோ பிடிக்காமல் போவதற்கு இதுவே முதல் காரணம். அதன் பரப்பை மின்பிளாஸ்மாவாலோ தீச்சுடராலோ தீண்டி ஆக்சிஜன் அணுக்களை ஏற்றினால் நிலைமை மாறும்.

ஆனால் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும் போதாது. அருகருகே நிற்கும் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள வான் டெர் வால்ஸ் ஈர்ப்பை மட்டும் கணக்கிட்டால், ஒரு சதுர மீட்டர் பரப்பைப் பிரிக்க 0.06 ஜூல் அளவுக்கே ஆற்றல் தேவைப்படும். கைப்பிடியின் பட்டை நிற்க வேண்டுமானால் மூலக்கூறுகள் எல்லையைக் கடந்து போக வேண்டும்.

ஊடுருவல்

உருகிய பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட நீளச் சங்கிலி. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் எதுவும் பக்கவாட்டில் நகர முடியாது. சுற்றியுள்ள சங்கிலிகள் அதைச் சூழ்ந்து ஒரு குழாயைப் போலக் கட்டிவைத்திருக்கின்றன. குழாய்க்குள் பாம்பு நெளிவதைப் போல முன்னும் பின்னும் நெளிந்துதான் சங்கிலி வெளியேற முடியும். பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் டி ஜென் 1971-இல் முன்வைத்த படிமம் இது. 1991-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டுதலுக்கே மூலக்கூறு ஊடுருவல்தான் அடிப்படை என்று சோவியத் விஞ்ஞானி செர்கேய் வொயூட்ஸ்கி அதற்கு முன்பே வாதிட்டிருந்தார். டி ஜென்னின் கொள்கை அந்த வாதத்துக்குக் கணக்குப் போட வழி தந்தது.

இடைமுகத்தின் இரு பக்கமும் சங்கிலிகள் நெளியும் அளவுக்குச் சூடாக இருந்தால், இவற்றின் நுனிகள் அந்தப் பக்கமும் அவற்றின் நுனிகள் இந்தப் பக்கமும் புகுந்து பின்னிக்கொள்ளும். புகும் ஆழம் நானோமீட்டர் கணக்கில்தான். சங்கிலி ஒருமுறை பின்னிக்கொள்ளும் தூரத்தைத் தாண்டிவிட்டால் அதுவே போதும். ஒரே பொருளின் இரு துண்டுகள் இப்படி ஒட்டும்போது, பிணைப்பின் வலிமை நேரத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது வலிமை இரு மடங்காக வேண்டுமானால் நேரம் 16 மடங்காக வேண்டும். காத்திருந்து பெறக்கூடிய பலன் சொற்பம் என்பதே இதன் பொருள். வெப்பநிலையின் கதை வேறு. சில பாகை ஏற்றினாலே சங்கிலிகளின் நெளிவு வேகம் பெருமளவு கூடும்.

எனவே இடைமுகத்தின் வெப்பநிலையைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். வெப்பப் பண்புகள் ஏறத்தாழ ஒத்த இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால், தொடும் பரப்பு உடனடியாக அவற்றின் வெப்பநிலைகளின் சராசரிக்கு வந்துவிடும். அறை வெப்பத்தில், 30 பாகை செல்சியஸில் இருக்கும் பாலிபுரொப்பிலீன் பாகத்தின் மேல் 230 பாகையில் எலாஸ்டோமர் பாய்ந்தால் இடைமுகம் 130 பாகை. பாலிபுரொப்பிலீனின் படிகங்கள் உருகுவது 160 முதல் 165 பாகையில். ஆக அந்தப் பரப்பு உருகவே இல்லை. சங்கிலிகள் படிகங்களுக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. அதே பாகம் சுழலும் அச்சில், முதல் வார்ப்பின் சூடு ஆறாமல் 80 பாகையில் இருந்து, எலாஸ்டோமரை 250 பாகையில் செலுத்தினால் சராசரி 165. இப்போது மேற்பரப்பின் மெல்லிய தோல் உருகத் தொடங்குகிறது. எலாஸ்டோமருக்குள் கலந்திருக்கும் பாலிபுரொப்பிலீன் சங்கிலிகள் அதற்குள் புகுகின்றன. ஆறும்போது இரு பக்கச் சங்கிலிகளும் சேர்ந்தே படிகமாகின்றன. பொருள் அதே, இயந்திரமும் வெப்பநிலையும் மட்டுமே வேறு. பிணைப்போ ஒன்றில் நகத்தால் உரியும், மற்றதில் ரப்பரே கிழியும். பட்டை உரிகிறது என்ற புகார் வந்ததும் மூலப்பொருளின் கிரேடை மாற்றிப் பார்ப்பது தொழிற்சாலைகளில் பரவலான வழக்கம். முதலில் தெர்மாமீட்டரை எடுப்பதே பெரும்பாலும் சரியான வழி.

சூடு எவ்வளவு நேரம் தங்கும் என்பது தடிமனைப் பொறுத்தது. ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 1 மில்லிமீட்டர் படலம் ஆறச் சில நொடிகள் ஆகுமென்றால், 0.1 மில்லிமீட்டர் படலம் அதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் ஆறிவிடும். மிருதுவான பட்டை ஓரங்களில் மெலிந்து முடியும் இடத்திலிருந்து உரியத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். அந்த ஓரத்துக்கு ஊடுருவ நேரமே கிடைத்திருக்காது.

ஒத்துப்போகாத ஜோடிகள்

எவ்வளவு சூடாக்கினாலும் சில ஜோடிகள் கலக்கவே மாட்டா. பாலிபுரொப்பிலீனோடு இணையும் எஸ்.இ.பி.எஸ். என்ற தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமரில் சங்கிலியின் நடுப்பகுதி எத்திலீன், பியூட்டிலீன் அலகுகளால் ஆனது. வேதியமைப்பில் அது பாலிபுரொப்பிலீனுக்கு நெருங்கிய உறவு. அதே எலாஸ்டோமர் நைலானின் மேல் வார்க்கப்பட்டால் தானே கழன்று வரும். நைலானில் உள்ள முனைவுத் தொகுதிகளோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

டிரில்லிங் மெஷினின் உடல் கண்ணாடி இழை சேர்த்த நைலான். அதன் மேல் மிருதுவான பிடியை நிறுத்த எலாஸ்டோமரின் சங்கிலிகளில் மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற சிறு மூலக்கூறைத் தொற்ற வைக்கிறார்கள். நைலான் சங்கிலிகளின் நுனிகளில் அமைன் தொகுதிகள் இருக்கின்றன. உருகிய சூட்டில் அன்ஹைட்ரைடும் அமைனும் வினைபுரிந்து இமைடு பிணைப்பாக மாறுகின்றன. எலாஸ்டோமர் சங்கிலி இப்போது நைலான் சங்கிலியோடு வேதியியல் முறையில் கட்டப்பட்டுவிட்டது. ஆனால் இந்த வினைக்குத் தண்ணீர் இடைஞ்சல். நைலான் ஈரத்தை விரும்பிக் குடிக்கும் பொருள். மழைக்காலத்தில் திறந்த தட்டில் கிடந்த நைலான் பாகத்தின் மேல் சூடான எலாஸ்டோமர் பாய்ந்தால் ஈரம் ஆவியாகி இடைமுகத்தில் குமிழ்கள் எழும், அன்ஹைட்ரைடும் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். வார்த்த கையோடு பயன்படுத்துவது, முடியாவிட்டால் ஈரம் புகாத பையில் வைத்திருந்து மறுபடி உலர்த்துவது ஆகிய இரண்டும்தான் வழி. நைலானில் வெப்பத்தைத் தாங்குவதற்கோ அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்கோ சேர்க்கப்படும் துணைப்பொருள்களும் மேற்பரப்புக்கு வந்து பிணைப்பைக் கெடுக்கக்கூடும். பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். போன்ற பிளாஸ்டிக்குகளுக்குத் தாமே முனைவுள்ள பாலியூரித்தேன் எலாஸ்டோமர்கள் நன்றாகப் பொருந்துகின்றன.

அசல் ரப்பர், சிலிக்கோன்

உருகி உறையும் எலாஸ்டோமரை எந்த அச்சிலும் ஆற வைக்கலாம். அசல் ரப்பரை அப்படிச் செய்ய முடியாது. சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டதைப் போல, கந்தகத்தோடு சூடாக்கினால்தான் அதன் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உருவாகும். அச்சு 160 முதல் 180 பாகையில் சில நிமிடங்கள் இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் பாலிபுரொப்பிலீன் தளர்ந்து உருக்குலையும். ஆகவே கெட்டிப் பாகத்துக்கு அதிக வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் வேண்டும்.

ஜெர்மனியின் ஹ்யூல்ஸ் நிறுவனம் 1980-களில் இதற்கென்றே ஜோடிகளைத் தேடிக் கண்டுபிடித்தது. பாலிபினைலீன் ஈதரும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பரும் ஒரு ஜோடி. பாலிபினைலீன் ஈதர் பாலிஸ்டைரீனோடு மூலக்கூறு அளவில் கலக்கும் அபூர்வப் பொருள். ரப்பரில் ஸ்டைரீன் அலகுகள் இருப்பதால் இரண்டும் முதலில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, பின் வல்கனைசேஷனின்போது கட்டுண்டுவிடும். இன்னொரு ஜோடி, 215 பாகையை ஒட்டி உருகும் நைலான் 612-உம் பெராக்சைடால் வல்கனைஸ் ஆகும் ரப்பரும். பெராக்சைடு உடைந்து பிறக்கும் தனியுறுப்புகள் ரப்பர் சங்கிலிகளிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குவதைப் போலவே பிளாஸ்டிக்கிலிருந்தும் பிடுங்கக்கூடும். ரப்பரை ரப்பரோடு கட்டும் அதே வினை, ரப்பரைப் பிளாஸ்டிக்கோடும் கட்டுகிறது. பசையும் கரைப்பானும் இல்லாமல் நிரந்தர வேதிப்பிணைப்பு கிடைக்கும் இந்த வழி, இத்துறையின் மிக நேர்த்தியான விடைகளில் ஒன்று.

திரவ சிலிக்கோனில் வெப்பத்தின் திசையே தலைகீழ். பிளாஸ்டிக் சூடாக வந்து குளிர்ந்த அச்சில் உறைகிறது. சிலிக்கோன் தண்ணீரால் குளிரூட்டப்பட்ட உருளையிலிருந்து குளிராக வந்து சூடான அச்சில் கெட்டிப்படுகிறது. இரண்டையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டுமானால் அச்சின் ஒரு பகுதி குளிர்ந்தும் பக்கத்துப் பகுதி 150 பாகையை ஒட்டியும் இருக்க வேண்டும். நடுவில் வெப்பத்தடுப்புத் தகடுகள் வைக்க வேண்டும். சிலிக்கோனைக் கெட்டிப்படுத்துவது பிளாட்டினம் வினையூக்கி. கந்தகம், அமைன், வெள்ளீயச் சேர்மங்கள் ஆகியவை சிறிதளவு பட்டாலே அது செயலிழக்கும். கந்தக ரப்பர் வார்க்கும் அறையிலேயே சிலிக்கோனையும் வார்ப்பது ஆபத்து. ரப்பர் கையுறையின் தடம் பட்ட இடத்தில்கூட சிலிக்கோன் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

சிலிக்கோன் இயல்பில் எதோடும் ஒட்டாது. எனவே சிலேன் வகைச் சேர்மங்கள் கலந்த, தானாகவே ஒட்டும் ரகங்கள் உருவாக்கப்பட்டன. அவை நைலானோடும் பி.பி.டி. என்ற பாலியெஸ்டரோடும் நன்றாகப் பிணைகின்றன. அச்சின் எஃகோடும் ஒட்டிக்கொள்ளத் துடிப்பதால் அச்சுக்கு ஒட்டாப் பூச்சு இட வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக்கில் பிடிக்க வேண்டும், எஃகில் பிடிக்கக் கூடாது என்ற மெல்லிய இடைவெளியில்தான் இந்த ரகங்களின் வேதியியல் முழுவதும் நிற்கிறது.

அளவிடுதல்

பிணைப்பின் வலிமையை அறிய, தட்டையான பிளாஸ்டிக் தகட்டின் மேல் ரப்பர் பட்டை ஒன்றை வார்த்து, அதன் ஒரு முனையைப் பிடியில் மாட்டி 90 பாகைக் கோணத்தில் சீரான வேகத்தில் உரிக்கிறார்கள். ரப்பரும் விறைப்பான தகடும் சேர்ந்த மாதிரிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 813, எலாஸ்டோமர் ஜோடிகளுக்கு ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 2019 ஆகியவை வழிகாட்டும் நெறிகள். விசையைப் பட்டையின் அகலத்தால் வகுத்தால் விடை. சோதனை முடிந்ததும் தகட்டைப் பார்ப்பது எண்ணைப் பார்ப்பதை விட முக்கியம். தகடு துடைத்துவிட்டாற்போல இருந்தால் இடைமுகம் தோற்றது. ரப்பர் துணுக்குகள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த இடங்களில் பிணைப்பு ரப்பரை விட வலுவாக இருந்திருக்கிறது.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. நல்ல மாதிரி ஒன்றை உரிக்க மில்லிமீட்டர் அகலத்துக்கு 4 நியூட்டன் விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 90 பாகையில் உரிக்கும்போது அது சதுர மீட்டருக்கு 4,000 ஜூல். வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு தந்ததோ 0.06 ஜூல். இடைமுகத்தைக் கடக்கும் சங்கிலிகள் அறுபடுவதைச் சேர்த்தாலும் கணக்கு சில பத்து ஜூலிலேயே நிற்கும். ரப்பர் சங்கிலி அறுபடும்போது இரு குறுக்குப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள எல்லாப் பிணைப்புகளும் ஒருசேர இழுபட்டு, ஒன்று அறுந்ததும் மற்றவற்றில் சேர்ந்திருந்த ஆற்றலும் வீணாகிறது என்று லேக், தாமஸ் இருவரும் 1967-இல் காட்டினார்கள். மீதி ஆயிரக்கணக்கான ஜூல் எங்கே போகிறது? உரியும் முனைக்குப் பின்னால் ரப்பர் நீண்டு, வளைந்து, மீள்கிறது. அந்த அசைவில் உள்ளுராய்வால் ஆற்றல் வெப்பமாக மறைகிறது. இடைமுகம் சற்றே வலுவாக இருந்தால் ரப்பர் மேலும் நீள வேண்டியிருக்கிறது, மேலும் ஆற்றல் மறைகிறது. இடைமுகத்தின் சிறு வலிமையை ரப்பரே பெருக்கிக் காட்டுகிறது.

அக்ரான் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஜென்ட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970-களில் இதை நுட்பமாக ஆராய்ந்தனர். உள்ளுராய்வு வேகத்தையும் வெப்பநிலையையும் பொறுத்தது. வேகமாக உரித்தால் வலுவாகத் தெரியும் அதே பிணைப்பு, வெயிலில் நிற்கும் காரின் உள்ளே, சிறு இழுவிசை நாள்கணக்கில் தொடர்ந்தால் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். வேகத்தையும் வெப்பநிலையையும் சொல்லாமல் தரப்படும் ஒட்டுவலிமை எண்ணுக்கு அதனால் மதிப்பே இல்லை.

வடிவமும் வயதும்

உரியும் விசை எப்போதும் ஓரத்தில்தான் பிடி தேடும். எனவே மிருதுவான பட்டையின் ஓரத்தை மெலியவிடாமல், கெட்டிப் பாகத்தில் வெட்டிய ஒரு பள்ளத்துக்குள் முழுத் தடிமனோடு முடிப்பது நல்ல வடிவமைப்பு. பிரஷ் கைப்பிடியைக் கூர்ந்து பார்த்தால் பட்டை வெளியே துருத்தாமல் ஒரு தொட்டிக்குள் பதிந்திருப்பது தெரியும். விரலுக்கு ஓரமே தட்டுப்படாது. சில பாகங்களில் துளைகள் விட்டு, ரப்பர் மறுபக்கம் போய்ப் பூட்டிக்கொள்ளும்படி செய்வதும் உண்டு. வேதியியலால் ஒட்டாத ஜோடிகளுக்கு இதுவே கடைசிப் புகலிடம். அச்சிலிருந்து எளிதாகக் கழலத் தெளிக்கும் சிலிக்கோன் ஸ்பிரேயை இருபொருள் வார்ப்பு நடக்கும் கூடத்துக்குள்ளேயே அனுமதிக்கக் கூடாது. காற்றில் மிதந்து வரும் அதன் துளிகள் அடுத்த இயந்திரத்தின் பாகங்களையும் கெடுத்துவிடும்.

காலப்போக்கில் பிணைப்பு தளர்வதற்கும் காரணங்கள் உண்டு. எஸ்.இ.பி.எஸ். எலாஸ்டோமரை மிருதுவாக்க நிறைய பாரஃபின் எண்ணெய் சேர்க்கப்படுகிறது. அந்த எண்ணெய் மெல்ல நகர்ந்து இடைமுகத்தில் சேர்ந்தால் பிடி விடும். வார்ப்பு ஆறும்போது இரண்டு பொருள்களும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் ஏற்படும் இழுவிசையும் இடைமுகத்தில் தங்கிவிடுகிறது. அதனால்தான் நல்ல ஆலைகள் வார்த்த அன்றே சோதிப்பதோடு நிற்காமல், சூட்டிலும் ஈரத்திலும் சோப்புத் தண்ணீரிலும் வைத்தெடுத்த மாதிரிகளையும் உரித்துப் பார்க்கின்றன.

நன்றாக ஒட்டிய இரு பொருள்களைப் பயன்பாடு முடிந்தபின் பிரிப்பது கடினம். பாலிபுரொப்பிலீனும் எஸ்.இ.பி.எஸ். எலாஸ்டோமரும் சேர்ந்த பாகத்தைப் பிரிக்காமலே அரைத்து மறுபடி உருக்கலாம். உள்ளே கலந்த எலாஸ்டோமர், பாலிபுரொப்பிலீன் சட்டென்று உடையாமல் தாங்கும் திறனைக் கூட்டும். நைலானோடு சிலிக்கோன் சேர்ந்த பாகத்தில் இது நடக்காது. குறுக்குப் பிணைப்பு கொண்ட சிலிக்கோன் மறுபடி உருகாததால், அரைத்த தூளில் ரப்பர் துணுக்குகளாகவே கிடந்து நைலானைப் பலவீனப்படுத்தும். அத்தகைய பாகங்களை மறுசுழற்சிக்கு அனுப்புமுன் சிலிக்கோனை இயந்திர முறையில் பெயர்த்தெடுத்தாக வேண்டும்.